வாசலில் நின்ற கற்பூரம்

அன்புள்ள மகனுக்கு,

சுகம் கேட்பதைக் கொஞ்சம் பின்னுக்கு வைத்துக்கொள்கிறேன். உறையைக் கிழிக்கும்போதே நீ எதைத் தேடுவாய் என்று எனக்குத் தெரியும். நீ அனுப்பிய பற்றறி மெசினைக் கடையில் பூட்டி, கரண்டும் கொடுத்தாயிற்று. அது ஓடுகிறது. அப்பாவுக்கு இரண்டு கண்ணும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது, கடைக் கூரையும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இனி ஒரு தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசி. "எல்லாம் சுகம் எண்டு மட்டும் எழுதும், மிச்சத்தை அவன் வந்து பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா கடைக்குப் போயிருக்கிறார். அவர் சொன்னதை நான் என்றைக்கு அப்படியே செய்தேன்?

நீ பேசிப் பதிந்து அனுப்பிய கசெற்றின் கடைசியில் ஒன்று சொன்னாய். மெசின் ஒருவருக்கும் சேதமில்லாமல் பூட்டுப்பட்டு, அப்பா அதை ஒழுங்காகப் பாவிக்கிறார் என்று தெரிந்தால் குவைத்தில் வேலைக்கு மறுபடி கையெழுத்து வைக்கமாட்டாய், வந்து கடையைப் பார்ப்பாய் என்றாய். இல்லையென்றால் அங்கேயே இருந்துவிடுவதாகவும், மெசினை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லியும் முடித்தாய். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வேறு யோசனை இல்லை. மற்றத் தாய்மார் பிள்ளை வரவேண்டுமென்று கோயிலுக்கு நேர்த்தி வைப்பார்கள். நான் ஒரு இரும்புப் பெட்டியைப் பார்த்து, "நீ ஒழுங்கா இருந்தியெண்டாத்தான் என்ர பிள்ளை வருவான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ அப்படிக் கேட்டதற்கு நான் உன்னைக் குறை சொல்லவில்லை. அன்றைக்கு அந்தப் பற்றறி வெடித்தபோது நீயும் பக்கத்தில் நின்றவன்தானே.

பற்றறிக்குக் கரண்ட் ஏற்றும் பழைய சின்னச் சாச்சரின் கிளிப்பை அப்பா கழற்றும் விதம் உனக்கு மறக்காது. சுவிச்சை நிற்பாட்டமாட்டார். ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடுங்குவார். பிடுங்கும்போது நீலமாய் ஒரு பொறி பறக்கும். "பொறி பறந்தால்தான் பற்றறி உயிரோட இருக்கு" என்று வந்தவர்களுக்கு அதைக் காட்டுவார். உழவு மெசின்காரர்களும் அதைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். பொறியைக் காட்டாதவனை அவர்கள் வேலை தெரிந்தவனாகவே எண்ணுவதில்லை. எங்கள் பரந்தனில் மட்டுமில்லை, கிளிநொச்சியிலும் எல்லாக் கடையிலும் அப்படித்தான். அன்றைக்கும் பொறி பறந்தது. ஆனால் அன்றைக்குப் பற்றறியும் பறந்தது. அந்த நேரம் பார்த்து, தேத்தண்ணி ஏன் இன்னும் வரவில்லை என்று என்னைப் பேசுவதற்கு அவர் குசினிப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். அசிட் முதுகோடு போயிற்று. சேட்டு அரிதட்டு மாதிரி ஓட்டை ஓட்டையாகிப் போயிற்று. கண் தப்பியது என்னைப் பேசின புண்ணியம் என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுவேன். அவர் சிரிப்பார். நீ சிரித்ததில்லை. அன்று நீ அவரைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய் வாளி வாளியாக ஊற்றியதையும், பிறகு மூலையில் போய்ச் சத்தி எடுத்ததையும் நான் பார்த்தேன். அதன் பிறகும் அவர் பொறி காட்டுவதை விடவில்லை. நீ எத்தனையோ தரம் சொன்னாய். அவர் கேட்கவில்லை. நீ கோபத்தோடுதான் குவைத்துக்குப் போனாய் என்று எனக்குத் தெரியும். அங்கே போய்க் கொம்பனியின் பற்றறி அறையிலேயே வேலை எடுத்தாய் என்று எழுதியபோது, இவன் மனம் இன்னும் அந்தப் பற்றறி வெடித்த இடத்தை விட்டு வெளியே வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மெசின் வந்தது கார்த்திகை மழைக்குள். கொழும்பிலிருந்து றெயிலில் வந்து பரந்தன் ஸ்ரேசனில் இறங்கியது. லொறி ஒழுங்கைச் சேற்றுக்குள் புதைந்து, அயலில் இருந்த ஆட்களெல்லாம் சேர்ந்து தூக்கினார்கள். பெட்டியைப் பிரித்ததும் அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். புதுமாப்பிள்ளை பார்க்க வந்த பெண் வீட்டார்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள். "ரெக்ரிபயர்" என்று நீ சொன்ன பெயர் ஊரில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. லைனில் வருகிற கரண்டைப் பற்றறி குடிக்கக்கூடிய கரண்டாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி என்று அப்பா வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். பழைய சாச்சரில் இரண்டு மூன்று பற்றறிதான் போடலாம், இதில் ஒரு வாங்குப் பலகை நிறைய வரிசையாகப் போடலாம் என்றதும் ஆட்களுக்குச் சந்தோசம். கண்டாவளையிலிருந்து சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டும் ஜெயபுரத்திலிருந்து பஸ்ஸில் காலுக்குள் வைத்துக்கொண்டும் வருகிறவர்கள், பற்றறியைத் தந்துவிட்டுத் திரும்பிப் போய் வேறொரு நாள் வருவது எவ்வளவு அலைச்சல். கரண்ட் இன்னும் போய்ச் சேராத ஊர்களில் ரேடியோவும், இப்போது புதிதாக வந்திருக்கிற ரீவியும் பற்றறியை நம்பித்தானே இருக்கின்றன.

அன்றைக்கே பூட்டிவிட வேண்டும் என்று அப்பா நின்றார். கடல் ஈரம் பட்டு வந்த பெட்டி, காயவிடாமல் கரண்ட் கொடுக்கக் கூடாது என்று உன் கசெற் சொன்னது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். அப்பா ரேப் ரெக்கோடருக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு உன்னோடு சண்டை பிடிப்பார். நீ ஒன்று சொல்லுவாய். அவர் பொத்தானை அமத்தி உன்னை நிற்பாட்டிவிட்டு, "உவர் பெரிய எஞ்சினியர், எனக்குப் படிப்பிக்கிறார்" என்பார். பிறகு பின்னுக்குச் சுற்றித் திரும்பவும் கேட்பார். திரும்பவும் பேசுவார். நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கேட்டு எனக்கே பாடமாகிவிட்டது. மெசினைப் பற்றறிக்கு மேலே மாட்டக் கூடாது, அசிட் ஆவி ஏறி உள்ளுக்குத் தின்றுவிடும். சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது, முதுகுக்குக் காற்று வேண்டும். பற்றறி கொதிக்கும்போது வருகிற காஸ் காற்றைவிட லேசு, மேலே போய்க் கூரைக்குக் கீழே குந்திக்கொள்ளும், அதற்கு வெளியே போக வழி வேண்டும். ஒரு பொறி, ஒரு நெருப்புக்குச்சி போதும். சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. குமிழைச் சைபரில் வைத்து, கிளிப்பைக் கொழுவி, அதற்குப் பிறகுதான் சுவிச்சு. கழற்றும்போது முதலில் சுவிச்சு, பிறகு கிளிப்பு. இந்தக் கடைசி வரியை நீ மூன்று இடத்தில் சொல்லியிருந்தாய்.  அந்த இடம் வரும்போது மட்டும் அப்பா பொத்தானை அமத்தவில்லை. முழுக்க ஓடவிடுவார்.

எனக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தாய். தாலிக்கொடியை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு பற்றறிக்கு மேலே குனியக் கூடாது, அது இரண்டு முனையிலும் பட்டால் சிவக்கச் சிவக்கக் காய்ந்து கழுத்தைச் சுட்டுவிடும் என்று. அதைக் கேட்டு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இப்போது கடைக்குள் போகும்போது கொடியைச் சட்டைக்குள் போட்டு ஊசி குத்திக்கொள்கிறேன். அப்பாவின் மோதிரம் மட்டும் கழன்று வர மாட்டேன் என்றது. சவர்க்காரம் போட்டு இழுத்தெடுத்தோம். கலியாணத்துக்குப் பிறகு அந்த விரலில் வெயில் பட்டது அன்றைக்குத்தான்.

மழை விட்டதும் கடையோடு சேர்த்துப் பற்றறி அறை கட்டத் தொடங்கினார். உன்னோடு சண்டை பிடித்த மனிதன் என்ன செய்வாரோ என்று எனக்குப் பயம். அவர் வாயால் ஒன்று சொன்னார், கையால் வேறு செய்தார். "காத்துக்கு ஓட்டை விட்டால் கள்ளனும் அதாலதான் வருவான்" என்று முணுமுணுத்துக்கொண்டே கூரையோரம் நெடுகக் கல்லை விட்டுவிட்டுக் கட்டினார், கீழேயும் வழி விட்டார். மெசினுக்கும் பற்றறி வாங்குக்கும் நடுவில் நெஞ்சளவுக்கு ஒரு சுவர் எழுப்பினார். வாசலில் ஒரு பீப்பா தண்ணீரும், அசிட்டை முறிக்க அப்பச்சோடா போட்ட டின்னும் வைத்தார். அசிட் பட்டால் முதலில் தண்ணீர் என்று நீ சொன்னதற்காகத்தான் பீப்பா. கேட்டால், மாடு குடிக்க வைத்திருக்கிறேன் என்கிறார். எங்கள் வீட்டில் மாடு இல்லை.

வயறிங்குக்கு வந்தவர் தவராசா. உனக்குத் தெரியும், கை சுத்தம், வாய் நீளம். மெயின் சுவிச்சு, பியூஸ் எல்லாம் வடிவாகப் பூட்டினார். ஏர்த் கம்பி என்றதும் சிரித்தார். "உதெல்லாம் கொழும்புக் கதை அண்ணை. இஞ்ச ஒருத்தரும் போடுறேல்லை, ஒருத்தரும் சாகவும் இல்லை" என்றார். அப்பாவும் சேர்ந்து சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்துபோய் ரேப் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு வந்து வாங்கில் வைத்து, ஏர்த் பற்றி நீ சொன்ன இடத்தைச் சரியாகப் பிடித்து ஓடவிட்டார். தவராசா முழுக்கக் கேட்டார். உள்ளே ஒரு வயர் கழன்று தகரத்தில் பட்டால் பெட்டி முழுவதும் கரண்ட் ஏறி நிற்கும், தொடுகிறவன் உடம்பால்தான் அது நிலத்துக்குப் போகும், அதற்கு முன்னால் நாங்கள் ஒரு வழி வெட்டிக் கொடுக்க வேண்டும் என்று நீ சொல்லியிருந்தாய். தவராசா போய்க் குழி தோண்ட அலவாங்கை எடுத்தார். முதலில் வேலியோரம் இறக்கிய கம்பி சரிவரவில்லை, சோதித்துப் பார்த்த பல்ப் மங்கிப்போய் எரிந்தது. அந்த மண் இரண்டு நாள் வெயிலுக்கே பொருக்கு வெடிக்கிற மண். பிறகு கிணற்றுத் தண்ணீர் ஓடிப்போய் முடிகிற இடத்தில், வாழைகளுக்கு நடுவில், கரியும் உப்பும் போட்டுத் தாட்டார்கள். பல்ப் பளிச்சென்று எரிந்தது. அந்தக் குழி என்றைக்கும் காயக்கூடாது என்று நீ சொன்னதால், இப்போது நான் குளிக்கும்போது இரண்டு வாளி கூடுதலாக ஊற்றுகிறேன். வாழைக்கும் நல்லது, எனக்கும் ஒரு சாட்டு.

இனித்தான் அப்பா எழுத வேண்டாம் என்று சொன்ன பகுதி. பயப்படாதே, முடிவை உனக்கு முதலிலேயே சொல்லிவிட்டேன்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு நல்ல நாள் பார்த்தோம். புது உழவு மெசினோ சைக்கிளோ வந்தால் சந்தனம் பூசி, மாலை போட்டு, கற்பூரம் காட்டாமல் ஊரில் யார் தொடுகிறார்கள்? பிள்ளையார் கோயில் ஐயருக்குச் சொல்லி, அயலட்டைக்கும் சொல்லியிருந்தோம். அறுவடை தொடங்குகிற நேரம், உழவு மெசின்காரர்கள் பற்றறிகளைக் கொண்டுவந்து குவித்துவிட்டார்கள். அன்றைக்கே கொடுக்க வேண்டும் என்று அப்பா விடியவே புது அறைக்குள் பழைய சாச்சரில் இரண்டு மூன்றைப் போட்டுவிட்டார். மூடிகளைக் கழற்றிவிட்டபடி அவை கொதித்துக்கொண்டிருந்தன. அப்பா ஐயரைக் கூட்டிவரச் சைக்கிளில் போனார். நான் மோதகத்தோடு அடுப்படியில். அந்த இடைவெளியில் தவராசா நல்ல மனதோடு ஒரு வேலை செய்தார். நல்ல காரியத்துக்கு வெள்ளை கட்டாமல் விடுவதா என்று சொல்லி, வெள்ளை வேட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து, கூரைக்குக் கீழே இறுக்கமாக மேற்கட்டி கட்டினார். மூலைக்கு மூலை இழுத்து, சுவரோரம் ஆணி அடித்து, சுருக்கமில்லாமல். கீழே விட்ட ஓட்டைகளில் தோரணத்தைச் செருகி அடைத்தும் விட்டார். நான் வந்து எட்டிப் பார்த்தேன். கலியாண வீடு மாதிரி இருந்தது. உன் கசெற்றைப் பாடமாக்கி வைத்திருக்கிறவள் நான், எனக்கு அப்போது ஒன்றும் ஓடவில்லை. வடிவாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அறைக்குள் ஒரு புளிச்ச மணம் வந்தது. சாம்பிராணி போட்டால் போய்விடும் என்றும் நினைத்தேன். காஸ் வெளியே போகிற மேல் ஓட்டைகளை அந்த வெள்ளை மறைத்துவிட்டது எனக்கு விளங்கவில்லை.

ஐயர் வாசலில் வைத்துப் பிள்ளையாருக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார். தேங்காய் உடைந்தது, நேராக இரண்டு பாதியாக, எல்லாருக்கும் திருப்தி. தட்டில் கற்பூரத்தைக் குவித்துக் கொளுத்தினார். சனம் எல்லாம் கும்பிட்டுக்கொண்டு வழி விட்டது. மெசினுக்குக் காட்டுவதற்காக அவர் படியில் ஒரு காலை வைத்தார். அப்பா அவருக்கு முன்னால் உள்ளே போய் மாலையைச் சரிப்படுத்திக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். வெள்ளையைப் பார்த்தார். பிறகு பற்றறி வாங்கைப் பார்த்தார். திரும்பி இரண்டே எட்டில் வாசலுக்கு வந்து, எரிகிற கற்பூரத்தின் மேல் தன் உள்ளங்கையைப் பொத்தினார்.

 கற்பூரத்தை ஊதி அணைத்தாலே குற்றம் என்கிற ஊர். கையால் பொத்தி அணைத்த ஒருவரை நான் என் காலத்தில் கண்டதில்லை. ஐயர் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பின்னாலிருந்து யாரோ "ஐயோ, அபசகுனம்" என்றார்கள். அப்பா கையை எடுக்கவில்லை. கைக்குக் கீழே ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எடுத்தார். எடுத்துவிட்டு, பேசிப்பேசியே காலத்தைப் போக்கின அந்த மனிதன் மெதுவாகத்தான் சொன்னார்.

"உள்ளுக்கு நெருப்பு கொண்டுவரப்படாது எண்டு என்ர பிள்ளை சொன்னவன்."

அவ்வளவுதான். நீ எத்தனையோ வருசம் அவர் கேட்கவில்லை என்று கவலைப்பட்டாய் அல்லவா? அவர் வாயைப் பார்த்து அப்படி நினைத்துவிட்டாய், மகன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இதை நீ நாளைக்கு உன் மனைவியோடும் உன் பிள்ளைகளோடும் இருக்கும்போது நினைத்துக்கொள். எதிர்த்துப் பேசுகிறவர்கள் எல்லாரும் கேளாதவர்கள் இல்லை. சிலருக்குச் சண்டை பிடித்துத்தான் ஒன்றை உள்ளே எடுத்துக்கொள்ளத் தெரியும். தலையாட்டிக்கொண்டு கேட்ட நான்தான் வெள்ளையைப் பார்த்து வடிவென்று நின்றேன்.

பிறகு எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். பழைய சாச்சரின் சுவிச்சை நிற்பாட்டி, சுடுபடாத கையால் வெள்ளையை இழுத்து விழுத்தினார். தோரணத்தைப் பிடுங்கினார். மெசினின் காற்று ஓட்டைகளை மூடியிருந்த மாலையையும் எடுத்து நிலைக்கு மேலே போட்டார். தவராசாவின் முகம் செத்துப்போயிற்று. அவரை அப்பா ஒரு சொல்லும் ஏசவில்லை, நல்லதை நினைத்துத்தானே செய்தார். அறை நன்றாகக் காற்றோடும்வரை றோட்டோரப் புளியமரத்துக்குக் கீழே எல்லாரும் மோதகம் சாப்பிட்டார்கள். ஐயருக்கு மட்டும் முகம் கொடுத்துப் பேச எனக்குப் பயம். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். மிச்சக் கற்பூரத்தைப் புளியடியில் வைத்துக் கொளுத்தி, திறந்திருந்த வாசலைப் பார்த்துத் தட்டைத் தூக்கிக் காட்டினார். "தூர நிண்டு காட்டினாலும் பிள்ளையாருக்குக் கண் தெரியும்" என்றார். சனம் கும்பிட்டது. நான் அழுதுவிட்டேன். புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் நீ சொன்ன ஒழுங்கில் நடந்தது. குமிழ் சைபரில். சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நீ அனுப்பிய றப்பர் கையுறையை நல்ல கையில் மட்டும் மாட்டிக்கொண்டு சுவிச்சைப் போட்டார். பெட்டி மெல்ல இரைந்தது. குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, கண்ணாடிக்குள் முள் அசைந்து ஏறியது. தவராசா பெட்டியின் தகரத்தில் சோதனை பல்பை வைத்துப் பார்த்தார். அது எரியவில்லை, தகரத்தில் கரண்ட் ஏறவில்லை. ஒரு விளக்கு எரியாததற்கு அத்தனை பேர் சந்தோசப்பட்டதை அன்றைக்குத்தான் கண்டேன்.

அப்பாவின் உள்ளங்கை சுட்டுக் கொப்புளமாகப் பொங்கிவிட்டது. அதுதான் எழுத வேண்டாம் என்றது. சேதமில்லாமல் பூட்டினால்தான் வருவேன் என்று நீ சொல்லியிருக்கிறாய், இதைச் சேதத்தில் எழுதிவிடுவாயோ என்று அவருக்குப் பயம். டிஸ்பென்சரியில் மருந்து கட்டினோம். நான்தான் சோறு ஊட்டினேன், அவர்தான் வெட்கப்பட்டார். இப்போது கட்டு அவிழ்த்தாயிற்று. புதுத்தோல் வந்து, குழந்தையின் கை மாதிரி இளஞ்சிவப்பாக இருக்கிறது. அலவாங்கும் பிடிக்கிறார், சைக்கிளும் ஓடுகிறார். சுருட்டும் பிடிக்கிறார், ஆனால் கடைக்குள் இல்லை. பற்ற வைக்க நினைத்தால் எழுந்து றோட்டைக் கடந்து புளியடிக்குப் போகிறார். வந்தவர் யாராவது வாசலில் பீடியை எடுத்தால், "அங்காலை" என்று புளியைக் காட்டுகிறார். அந்த மரத்துக்குக் கீழே இப்போது ஒரு வாங்கும் வந்துவிட்டது. ஊர்க் கதை முழுவதும் அங்கேதான்.

சிலர் இன்னும் சொல்லுகிறார்கள், கற்பூரத்தை அணைத்தது சரியில்லை, வெடிக்காத ஒன்றுக்காக இப்படியா செய்வது என்று.  நடந்ததைக் காட்டலாம், நடக்காததை எப்படிக் காட்டுவது? ஒவ்வொரு பின்னேரமும் அப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்து கை கால் கழுவிச் சோற்றுக்கு உட்காருகிறார். எனக்கு அது போதும். முந்தியெல்லாம் கடைப் பக்கம் ஏதாவது தகரம் விழுந்தாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். போன கிழமை தேங்காய் ஒன்று கூரையில் விழுந்து பெரிய சத்தம். நான் எழும்பக்கூட இல்லை, மா குழைத்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் அதை யோசித்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

நீ வந்துதான் ஆகவேண்டும் என்று உன்னை நெருக்கவில்லை. உனக்கு அங்கே வேறு விருப்பம் இருந்தால் அதையும் சொல்லு, தாங்கிக்கொள்வேன், இரண்டு நாள் அழுதுவிட்டு. ஆனால் பயத்தால் வராமல் இருக்காதே. அதற்கு இனிக் காரணம் இல்லை. உன் பயம் நல்ல பயம், மகன். வெட்கப்பட வேண்டிய பயம் இல்லை. அது கடல் தாண்டி வந்து, எங்கள் வாசலில் நின்று, ஒரு அறை நிறையச் சனத்தைக் காப்பாற்றியிருக்கிறது. கண்டாவளையில் உனக்குப் பேசலாமென்று ஒரு பெண்பிள்ளையைப் பற்றி உன் மாமி வந்து சொன்னதையும் நான் எழுதவில்லை. வந்தால் நீயே பார்த்துக்கொள்.

இதோடு ஒரு கசெற் வருகிறது. உன்னுடையதில் அழித்துப் பதியலாம் என்று நான் சொன்னதற்கு அப்பா விடவில்லை, புதிது வாங்கி வந்தார். "ஏதாவது கதையுங்கோ" என்று எவ்வளவோ கேட்டேன், வாயைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டார். ரேப் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு போய் மெசினுக்குப் பக்கத்தில் வைத்துப் பதிந்திருக்கிறார். ஒரு பக்கம் முழுக்க மெசின் இரைகிற சத்தம்தான். சத்தத்தைக் கேட்டாலே அவனுக்கு எல்லாம் விளங்கும் என்கிறார். நடுவில் ஒரு மாட்டு வண்டி போகும், யாரோ பற்றறி ஆயத்தமோ என்று கேட்பார்கள், அப்பா இருமுவார். அலுப்பாக இருக்கிறதென்று நிற்பாட்டிவிடாதே. கடைசிவரை கேள். முடிகிற இடத்தில் டக்கென்று ஒரு சத்தம் வரும், இரைச்சல் அடங்கும். அது சுவிச்சு. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அந்த நேரம் அப்பா கிளிப்பில் கை வைக்காமல் நிற்கிறார். பிறகுதான் கிளிப்புகள் ஒவ்வொன்றாகக் கழலுகிற சத்தம் வரும்.

அந்த ஒழுங்கைக் கேட்டுவிட்டு முடிவு எடு.

அன்புடன்,
அம்மா